நூலகத்தில் வரைகலை மென்பொருள் கற்க வழிகாட்டுதல் தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மதுரையில் ஒரு சிறிய அச்சகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பக்க வடிவமைப்பு செய்து வருகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துருக்களும்தான். 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன அந்த மென்பொருள், கைப்பேசிகளில் இன்று புழங்கும் யூனிகோடு எழுத்துக் குறியீட்டு முறையை ஏற்காது என்பதால், வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வாசகத்தை ஒவ்வொரு முறையும் எழுத்துரு மாற்றியில் இட்டுத்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. சென்ற மாதம் ஒரு திருமணப் பத்திரிகையில் ‘ஸ்ரீ’ மட்டும் வெறும் கட்டமாக அச்சாகி, நூறு படிகள் வீணாயின, தவறு என்னுடையதே.

வீட்டில் கணினி இல்லை. ஆகவே, புது நத்தம் சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஓய்வு நாட்களில் சென்று, கட்டணமில்லாத இங்க்ஸ்கேப் (படம் வரைவதற்கு), ஸ்கிரைபஸ் (பக்கம் வடிவமைப்பதற்கு) ஆகிய மென்பொருள்களை முறையாகக் கற்க எண்ணியுள்ளேன். நிறுவத் தேவையில்லாத இங்க்ஸ்கேப் பதிப்பைப் பென்டிரைவில் கொண்டு சென்றால், அங்குள்ள கணினிகளில் இயக்க அனுமதிப்பார்களா? அங்கே பயின்றவர்கள் யாரேனும் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். நூலகங்களில் கணினி வரைகலை நூல்கள் நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கும் தூயி முறையில் 006.6 என்ற பகுப்பெண்ணில் இருக்கும் என்பது தெரியும். அவற்றுள் தமிழில் படிக்கத்தக்கது எது?

இன்னொரு ஐயம், தொழில் சார்ந்தது. இங்க்ஸ்கேப் திரைக்குரிய மூவண்ண முறையில் இயங்குவதால், திரையில் பளிச்சென்று தெரியும் குங்குமச் சிவப்பு நான்கு வண்ண அச்சில் மங்கிவிடுகிறது. வரைந்ததை ஸ்கிரைபஸுக்குக் கொண்டுவந்து வண்ணங்களை அங்கே மாற்றி பிடிஎஃப் எடுப்பவர்கள், எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்று விளக்கினால் பேருதவியாக இருக்கும்.