என்பா எலும்பா? மருத்துவச் சொற்களை எப்படிப் பாடமாக்குவது?

உப்புவெளிக்காரி:
வணக்கம். நான் திருகோணமலை, தாதியர் பயிற்சியில் முதலாம் வருடம். உயர்தரத்தில் உயிரியலைத் தமிழ் மொழிமூலம் படித்தவள், அதனால் என்பு, கசியிழையம், முண்ணாண் எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். இப்போது விரிவுரை முழுக்க ஆங்கிலம். விளங்காமல் தமிழில் தேடினால் இந்தியப் பக்கங்கள்தான் வருகின்றன, அங்கே அதே சாமான்களுக்கு எலும்பு, குருத்தெலும்பு, தண்டுவடம் என்று பெயர். 206 என்பு, அறுநூறுக்கு மேல் தசை, அதை மூன்று தரம் பாடமாக்குவதா?

போன கிழமை வாட்டில் மூதூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் எக்ஸ்ரே அறிக்கையை நீட்டி, "பிள்ளை, இதில என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். லம்பார் ஸ்பொண்டிலோசிஸ், எல்4 எல்5இல் ஒஸ்டியோஃபைட். படித்த சொற்கள்தான், ஆனால் வாயில் ஒன்றும் வரவில்லை. "டொக்டர் வந்து சொல்லுவார் அம்மா" என்று நழுவி வந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள்?

உவர்மலை_பிசியோ:
தங்கச்சி, முழுச் சொல்லாகப் பாடமாக்கினால் ஒருநாளும் முடியாது, உடைத்துப் படியுங்கள். ஒஸ்டியோ என்பு, மயோ தசை, கொண்ட்ரோ கசியிழையம், ஆர்த்ரோ மூட்டு, ஸ்பொண்டிலோ முள்ளென்பு. பின்னால் வருவதில் 'ஐடிஸ்' என்றால் அழற்சி, 'அல்ஜியா' என்றால் நோவு, 'மலேசியா' என்றால் மென்மையாகிப் போவது (நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, முதல் வருடம் நானும் சிரித்தேன்). இவற்றைப் பொருத்தினால் பாதிப் புத்தகம் முடிந்த மாதிரி.

அந்த அம்மாவின் அறிக்கையையே எடுங்கள். லம்பார் என்றால் நாரி. 'ஓசிஸ்' என்பது நிலைமை ஒன்றைச் சொல்கிற பொதுவான விகுதி, ஸ்பொண்டிலோசிஸ் என்று வரும்போது வயதோடு வருகிற தேய்வு. அதே இடத்தில் ஸ்பொண்டிலைடிஸ் என்று எழுதியிருந்தால் கதை வேறு, அது அழற்சி, மருந்தும் வேறு. ஓர் அசைதான் வித்தியாசம், பலர் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டு திரிகிறார்கள். ஒஸ்டியோஃபைட்டில் ஃபைட் என்றால் கிரேக்கத்தில் செடி, அதாவது என்பில் முளைத்த முளை. எல்4, எல்5 நாரியில் உள்ள ஐந்து முள்ளென்புகளில் கடைசி இரண்டு, உடம்புப் பாரம் வந்து இறங்குகிற இடம் என்பதால் தேய்வு அங்கேதான் அதிகம் காண்போம்.

அம்மாவுக்குச் சொல்ல இதில் ஒரு சொல்லும் தேவையில்லை. "நாரி எலும்பு வயசோட தேய்ஞ்சு, ஓரத்தில முள்ளுமாதிரி கொஞ்சம் வளர்ந்திருக்கம்மா" என்றால் போதும். ஆனால் டொக்டர் சொல்லி முடித்த பிறகுதான் நீங்கள் விளங்கப்படுத்தலாம், முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கதிர்ப்படம்:
நான் எக்ஸ்ரே பக்கம். என் அபிப்பிராயம், தமிழ்ச் சொல்லை மறந்துவிட்டு ஆங்கிலத்தை மட்டும் படியுங்கள். தமிழ் எழுத்தில் குறிப்பு எடுக்கவே எடுக்காதீர்கள். இடுப்பென்பும் இலியம், சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இலியம், ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வேறு, தமிழில் அதுவும் இல்லை. அப்டக்ஷன், அடக்ஷன் இரண்டும் அதே கூத்துத்தான். முதலாவது உடம்பின் நடுக்கோட்டை விட்டுக் கையைக் காலை விலக்குவது, இரண்டாவது உள்ளே கொண்டு வருவது. அதனால்தான் வாட்டில் ஏ-பி-டக்ஷன், ஏ-டி-டக்ஷன் என்று எழுத்தைப் பிரித்துச் சொல்கிறார்கள்.

கோணேசபுரி_சித்தம்:
இலியம் விஷயம் சரி, மற்றதற்கு நான் உடன்பட மாட்டேன் அண்ணா. இங்கே திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறோம். எங்களுக்கு ஏழு உடற்கட்டுகளில் ஊன், என்பு இரண்டும் உண்டு, அவை பாடப்புத்தகக்காரர் நேற்றுக் கண்டுபிடித்த சொற்கள் அல்ல. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர். தமிழ்ச் சொல் தெரிந்தால் ஆங்கிலச் சொல்லே லேசாகும். முள்ளந்தண்டின் அடி நுனியில் உள்ள கொக்சிக்ஸ் கிரேக்கத்தில் குயில், தமிழில் குயிலலகு. அதற்கு மேலே உள்ள சேக்ரம் லத்தீனில் புனித என்பு, தமிழில் திருவென்பு. எல்லாம் அப்படிப் பொருந்தாது, தோளையும் நெஞ்சையும் இணைக்கிற கிளாவிக்கிள் லத்தீனில் குட்டித் திறப்பு (சாவி), நாம் கழுத்தில் போடுகிற காறையைப் பார்த்துக் காறை என்பு என்கிறோம்.

அக்கா, இன்னொன்று. சனம் சொல்கிற 'நரம்பை' நம்பாதீர்கள். இரத்தம் ஓடுகிற நாளம், உணர்வைக் கடத்துகிற நரம்பு, தசையை என்போடு கட்டுகிற தசைநாண் மூன்றுக்கும் அவர்களுக்கு அது ஒன்றுதான். தசைப்பிடிப்புக்கும் "நரம்பு இழுக்குது", ஊசி ஏற்ற நாளம் கிடைக்காவிட்டாலும் "நரம்பு தெரியேல்ல". விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

உப்புவெளிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. அந்த அம்மா துண்டு வெட்டிக்கொண்டு போய்விட்டார், அவருக்குச் சொல்ல முடியவில்லை. ஆனால் இன்றைக்கு ஒரு கடற்றொழில் ஐயா "குதிக்கால் நரம்பு விட்டுப் போச்சு" என்று வந்தார். தம்பி சொன்னபடி காட்டச் சொன்னேன். குதிக்காலுக்கு மேலே, கெண்டைக்கால் தசை வந்து இறங்குகிற இடம். அக்கிலீஸ் தசைநாண்! டொக்டரும் அதைத்தான் எழுதினார்.

பிசியோ அக்கா, மசில் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

உவர்மலை_பிசியோ:
லத்தீனில் மஸ்குலஸ், சின்ன எலி. கையை மடக்கும்போது தோலுக்கடியில் எலி ஓடுகிற மாதிரித் தெரிந்ததாம். அவர்கள் எலியைக் கண்டார்கள், கெண்டைக்கால் என்று பெயர் வைத்த எங்கள் ஆட்கள் மீனைக் கண்டிருக்கிறார்கள். உங்கள் கடற்றொழில் ஐயாவிடம் சொல்லிப் பாருங்கள், அவருக்குப் பிடிக்கும்.