37 டிகிரியிலும் செக்1-1 ஈஸ்ட் இன்வர்டேஸைச் சுரப்பது ஏன்?

கேள்வி

சுரக்கவேண்டிய புரதங்களைச் சுமந்துவரும் சிறு சவ்வுப் பைகளான சுரப்பு நுண்பைகள், செல்லின் வெளிச்சவ்வான பிளாஸ்மா சவ்வோடு இணைவதை நிறுத்திப் பார்ப்பதற்காக, 25 டிகிரி செல்சியஸில் இயல்பாக வளர்ந்து 37 டிகிரியில் சுரப்பு நின்றுபோகும் செக்1-1 என்னும் ஈஸ்ட் திரிபைப் பயன்படுத்துகிறேன். 5 சதவீதக் குளுக்கோஸில் வளர்ந்த செல்களை, சர்க்கரையை உடைக்கும் இன்வர்டேஸ் நொதியை அவை உருவாக்கத் தொடங்குவதற்காக, 0.1 சதவீதக் குளுக்கோஸ் கொண்ட, முன்பே 37 டிகிரிக்குச் சூடாக்கிய ஊடகத்துக்கு மாற்றி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் சேர்ந்த மாதிரிகளை மேசைமீதே வைத்திருந்து, பிறகு ஒன்றாகக் கழுவி, முழுச் செல்களிலும் (வெளியே வந்த நொதி) உடைத்த செல்களிலும் (மொத்த நொதி) இன்வர்டேஸின் செயல்பாட்டை அளந்தேன். நொதி உள்ளே தேங்கியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் பெரும்பகுதி வெளியே வந்திருக்கிறது. திரிபு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதோ என்று 37 டிகிரியில் தட்டில் வளர்த்துப் பார்த்ததில் ஒரு காலனிகூடத் தோன்றவில்லை. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈஜிடிஏ என்னும் வேதிப்பொருளைச் சேர்த்துக் கால்சியத்தை நீக்கினால் இணைவு முழுமையாக நிற்குமா?

முதல் பதில்

திரிபில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை. மேசைமீது மாதிரிகள் காத்திருந்த நேரத்தைத்தான் நான் சந்தேகிக்கிறேன். ஆய்வாளர்கள் நோவிக்கும் ஷெக்மனும் 1979இல் இத்திரிபை விவரித்தபோதே, செல்களை மீண்டும் 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால், புதிய புரதம் எதுவும் உருவாகாத நிலையிலும், தேங்கிய நொதி வெளியேறுகிறது என்று காட்டியிருந்தார்கள். அதாவது 37 டிகிரியில் நுண்பைகள் அழிவதில்லை. சவ்வருகே காத்து நிற்கின்றன. உங்கள் மாதிரிகள் அறை வெப்பநிலைக்குக் குளிர்ந்ததும் இத்திரிபில் 37 டிகிரியில் செயலிழக்கும் செக்1 புரதம் மீண்டும் செயல்பட்டு, அவை இணைந்திருக்கும். மாதிரியை எடுத்த கணத்திலேயே, இறுதிச் செறிவு 10 மில்லிமோலாராக அமையுமாறு, பனிக்கட்டியில் குளிர்வித்த சோடியம் அசைடு கரைசலில் கலந்துவிடுங்கள். செல்லின் ஆற்றல் உற்பத்தி தடைப்படுவதால் போக்குவரத்தும் அங்கேயே நின்றுவிடும். அசைடு கடும் நச்சு என்பதோடு, அமிலம் பட்டால் நச்சு வாயுவையும் வெளியிடும் என்பதால், அளவிடும் அமிலத் தாங்கல் கரைசலில் சேர்க்கும் முன் செல்களை நன்றாகக் கழுவிவிடுங்கள்.

இரண்டாவது பதில்

முதல் பதிலை ஏற்கிறேன். ஈஜிடிஏ யோசனையைக் கைவிடுங்கள். ஈஸ்டின் வழக்கமான சுரப்பு, கால்சியம் திடீரென உயர்வதற்காகக் காத்திருக்கும் வகையைச் சேர்ந்ததன்று. மொட்டை நோக்கி வரும் நுண்பையை, செக்4 என்னும் ஜிடிபேஸின் (ஜிடிபி மூலக்கூறை உடைக்கும் புரதம்) துணையோடு, எட்டுப் புரதங்கள் சேர்ந்த எக்சோசிஸ்ட் என்னும் தொகுதி சவ்வருகே பிடித்து வைக்கிறது. நுண்பையிலுள்ள ஸ்னிக், சவ்விலுள்ள எஸ்எஸ்ஓ, செக்9 ஆகிய, சவ்வுகளை இணைக்கும் ஸ்நேர் வகைப் புரதங்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு இரு சவ்வுகளையும் நெருக்க, அந்தக் கட்டமைப்போடு பிணையும் செக்1 இணைவைத் தூண்டுகிறது. பிடிப்பு, முறுக்கல், செக்1 ஆகிய இவையே இங்கே கட்டுப்பாட்டுப் புள்ளிகள்.

கால்சியத்தின் பங்கைக் காண விரும்பினால் பாரமீசியம் என்னும் ஒருசெல் உயிரிதான் பொருத்தமானது. அதன் டிரைகோசிஸ்டுகள் (ஊசிபோல் விரியும் உள்ளடக்கம் கொண்ட சுரப்புப் பைகள்) ஏற்கெனவே சவ்வில் நிலைகொண்டு, சமிக்ஞை வந்ததும் நொடியின் சிறு பகுதிக்குள் வெடித்து வெளியேறும். ஆனால் அங்கும் ஒரு பொறி உண்டு: வெளிக் கால்சியத்தை நீக்கினால் சவ்வு இணைந்த பின்னரும் உள்ளடக்கம் விரியாமல் தங்கிவிடக்கூடும்; நுண்ணோக்கியில் ஊசிகளை மட்டும் எண்ணுபவர் இணைவே நடக்கவில்லை என்று தவறாக முடிவுசெய்துவிடுவார்.

கேட்டவரின் மறுமொழி

மிக்க நன்றி. அசைடு கலந்து இன்று மீண்டும் செய்தேன்; வெளிப்புற நொதியின் அளவு ஏறக்குறைய மாறாமல் நிற்க, உட்புற அளவு ஒவ்வொரு மாதிரியிலும் உயர்ந்துகொண்டே சென்றது. ஒப்புநோக்க, ஒரு மாதிரியை மட்டும் அசைடு இல்லாமல் 25 டிகிரியில் விட்டிருந்தேன். அதில் நொதி மறுபடியும் வெளியே வந்துவிட்டது.