ஏழு மீட்டர் நிலா நம்ம ஊர் மாதா கோவிலுக்குள் அடங்குமா?

பால்மரம்:
லூக் ஜெரம் என்ற பிரிட்டிஷ் கலைஞர் 2016-இல் இருந்து ஊர் ஊராகக் கொண்டுபோகும் நிலாப் பந்து தெரியும்தானே? குறுக்களவு 7 மீட்டர். நாசா எடுத்த படங்களை அச்சடித்த துணி, உள்ளே விளக்கு. 2019-இல் இங்கிலாந்தின் ஈலி பேராலயத்தில் தொங்கியது. நம்ம மலேசியத் தோட்டத்து மாதா கோவிலில் அதை வைக்கக் கேட்கலாம் என்று இளையோர் சிலர் சொல்கிறார்கள். உங்கள் கருத்து?

மணிக்கூண்டு:
வேண்டாம். பூசை நடக்கிற இடம் பொருட்காட்சிக் கொட்டகை இல்லை. அதே 2019-இல் நார்விச் பேராலயத்துக்குள் சறுக்குமரம் வைத்தார்கள், ரோச்செஸ்டரில் குட்டி கோல்ஃப் போட்டார்கள். முதலில் நிலா வரும், பின்னாலேயே பஞ்சுமிட்டாய் வரும்.

பால்மரம்:
நார்விச்சில் சொன்ன காரணம், கூரையில் இருக்கும் பழைய சிற்பங்களைப் பக்கத்தில் பார்க்கலாம் என்பது. சறுக்குமரம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நிலாவில் யாரும் ஏறி விளையாடப் போவதில்லை, சுற்றி நடந்து பார்ப்பதுதான். பந்தில் 1 செ.மீ. என்றால் நிலாவில் 5 கி.மீ. நிலாவின் டைக்கோ என்ற பெரிய பள்ளம் குறுக்கே சுமார் 85 கி.மீ., அதாவது பந்தில் 17 செ.மீ., ஒரு ரொட்டி சானாய் (நம்ம ஊர்ப் பரோட்டா) அளவு. வாசல் பக்கம் நாம் தினமும் பார்க்கும் முகம் இருக்கட்டும். பீடத்தருகே போய்த் திரும்பினால் பூமிக்குக் காட்டாத முதுகு. இந்தப் பக்கம் தெரியும் கருந்திட்டுகள் அங்கே அரிது, முழுக்கப் பள்ளம்தான். அதைப் பார்க்க ஜனம் பீடம் வரை நடந்து வரும், சாமியாருக்கு அதில் என்ன நஷ்டம்?

கம்பிக்காரர்:
பக்தி இருக்கட்டும் அண்ணே, கணக்கைப் பாருங்கள். 7 மீட்டர் என்பது 23 அடி. மலாக்கா கிறைஸ்ட் சர்ச் 82 அடி நீளம், 42 அடி அகலம், உட்கூரை 40 அடி உயரம். அங்கே மேலே 5 அடி விட்டாலும் கீழே 12 அடி மிஞ்சும். நம்ம கோவில் வரைபடத்தில் உத்தரம் தரையிலிருந்து 24 அடி உயரம். கயிறே இல்லாமல் ஒட்டித் தொங்கவிட்டாலும் நிலா தரைக்கு ஒரு அடி மேலே நிற்கும். பெஞ்சை எங்கே போடுவது?

ஒரே உத்தரத்தில் கொக்கி மாட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடுத்தடுத்த இரண்டு உத்தரங்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து, கூரைச் சட்டத்தின் நடுக்கம்பம் உத்தரத்தில் சேரும் இடத்துக்கு அருகில்தான் பாரத்தை இறக்க வேண்டும். அதற்கு முன் உத்தர முனைகளைச் சோதியுங்கள். ஈரம் தேங்குவதும் கரையான் புகுவதும் மரம் சுவருக்குள் போகிற இடத்தில்தான். திருப்புளியால் குத்தினால் பொதபொதவென்று இறங்கும். கையெழுத்து போட ஒரு பொறியாளர் கட்டாயம் வேண்டும்.

மணிக்கூண்டு:
கூரைக் காற்றாடிகளை (ஃபேன்) மறந்துவிட்டீர்களே! நீளக் கம்பியில் தொங்கும் எட்டும் பந்தை உரசும். கழற்றினால் ஞாயிறு பூசையில் ஜனம் வெந்துபோகும்.

இரவு_ஷிஃப்ட்:
இருட்டும் வேண்டும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். இங்கே வருஷம் முழுக்க ஏழு, ஏழரை. கண்ணாடிப் பலகை ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினால் காற்று அடைபடும், திறந்துவிட்டால் நிலா வெளிறிப்போகும். ஆக, எட்டு மணி முதல் பத்து மணி வரைதான் பார்க்கலாம், செம்பனை ஆலையில் ராத்திரி வேலைக்காரருக்குக் கிடைக்காது. நிலாவோடு டான் ஜோன்ஸ் அமைத்த இசையும் மெதுவாக ஓடும். தகரக் கூரையில் மழை இறங்கினால் ஸ்பீக்கரை என்ன கூட்டினாலும் கேட்காது.

பால்மரம்:
சரி, 3 மீட்டரில் நாமே ஒன்று தைத்தால்? 10 அடிதான், பெஞ்சும் நகராது, காற்றாடி நாலைக் கழற்றினால் போதும்.

கம்பிக்காரர்:
அப்போது டைக்கோ 7 செ.மீ., உளுந்து வடை அளவு. பிள்ளைகளுக்குப் போதும். பந்தை உப்ப வைக்கக் காற்று ஊதும் மெஷினுக்குத் தனி பிளக் கொடுங்கள். கரண்ட் போனால் பந்து தொளதொளத்து பெஞ்சில் சாயும்.

மணிக்கூண்டு:
3 மீட்டர் என்றால் தவக்காலத்தில் மட்டும் வேண்டாம், மற்றபடி பங்குப் பேரவையில் பேசலாம். ஆனால் அந்த 24 அடி, தரைக்கு ஓடு போடுவதற்கு முன் போட்ட வரைபடம்.

கம்பிக்காரர்:
அப்படியானால் அந்த ஒரு அடியும் முழுசாக இல்லை. ஹீலியம் பலூனில் நூல் கட்டி உத்தரம் தொடும்வரை விடுங்கள், நூலை இறக்கி டேப்பில் அளந்து இங்கே போடுங்கள். காற்றாடியை முதலில் நிறுத்துங்கள்.