சர்சியின் தீவில் பன்றிகள் இல்லை: மார்த்தா கிரஹாமின் கிரேக்கக் காப்பிய நடனம் – அனுபவப் பகிர்வு

காப்பியவாசகர்:

ஹோமரின் கிரேக்கக் காப்பியமான ‘ஒடிசி’யைப் படித்துவிட்டு, அமெரிக்க நவீன நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் அதிலிருந்து அமைத்த ‘சர்சி’ நடனத்தைப் பார்க்க உட்காருகிறவர்கள் முதலில் பன்றிகளைத்தான் தேடுவார்கள். பத்தாம் காண்டத்தில் மந்திரக்காரி சர்சி (கிரேக்க உச்சரிப்பில் கிர்கே) பாலாடைக்கட்டி, வாற்கோதுமை மாவு, தேன், பிராம்னிய மது எல்லாவற்றையும் கலக்கி, மருந்தைச் சேர்த்து, காப்பிய நாயகன் யுலிசீஸின் (கிரேக்கத்தில் ஒடிசியஸ்) மாலுமிகளுக்குக் குடிக்கக் கொடுக்கிறாள். பிறகு கோலால் ஒரு தட்டு; 22 பேரும் பன்றித் தொழுவத்தில். வாசலிலேயே நின்றுவிட்ட யூரிலோக்கஸ் மட்டும் ஓடிவந்து செய்தி சொல்கிறான்.

மேடையில் அந்த 22 பேர் இல்லை. பாம்பு, சிங்கம், மான், ஆடு என்று நால்வர்தான். கறுத்த வேரும் பால்வெள்ளைப் பூவும் கொண்ட ‘மோலி’ மூலிகையைக் கொடுத்து யுலிசீஸைக் காக்கும் ஹெர்மிஸ் தெய்வமும் இல்லை. சுக்கான் பிடிக்கும் தோழன் ஒருவன் இருக்கிறான். சர்சி, யுலிசீஸ் இருவரையும் சேர்த்தால் மொத்தம் ஏழு பேர்: ஒரு பெண், ஆறு ஆண்கள்.

இந்தப் படைப்பில் எடுத்த முடிவுகளிலேயே பெரியது ஹெர்மிஸை நீக்கியதுதான் என்பேன். காப்பியத்தில் மந்திரத்துக்கு மாற்று மருந்து மேலிருந்து வருகிறது. இங்கே மருந்தே கிடையாது. மயங்கி நிற்கிறவனைக் கூட வந்தவன் திரும்பக் கூப்பிடுகிறான். ஹோமரிலும் சர்சி வீட்டில் ஓராண்டு விருந்து ஓடிய பிறகு ஊர் ஞாபகத்தை எழுப்புவது தோழர்கள்தான், அதுவும் சில வரிகளில். அந்தச் சில வரிகள் இங்கே ஒரு முழுப் பாத்திரமாக வளர்ந்திருக்கின்றன என்றே எனக்குப் படுகிறது.

அடிப்படைத் தகவல்: முதல் அரங்கேற்றம் 1963 செப்டம்பரில், லண்டன் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அரங்கில். இசை ஆலன் ஹோவானஸ், மேடைச் சிற்பம் இசாமு நொகுச்சி. சர்சியாக மேரி ஹிங்க்ஸன், யுலிசீஸாக பெர்ட்ராம் ராஸ், சுக்கான்காரனாக கிளைவ் தாம்ஸன். கிரஹாம் தனக்கென்று இதில் வேடம் வைத்துக்கொள்ளவில்லை.

இதையோ இதுபோன்ற கிரேக்கக் கதை நடனங்களையோ பார்த்தவர்கள், சொல்லிக்கொடுப்பவர்கள், மேடை வேலை செய்பவர்கள் நுணுக்கமாக எழுதுங்கள். கதைச்சுருக்கம் வேண்டாம்.

தரைப்பயிற்சி:

கிரஹாம் முறையின் உயிர் ‘கான்ட்ராக்‌ஷன்’, ‘ரிலீஸ்’ இரண்டும்தான். மூச்சை வெளியே விடும்போது உடம்பின் நடுப்பகுதி உள்வாங்குவது முதலாவது. மூச்சை இழுக்கும்போது அது திறந்து நிமிர்வது இரண்டாவது. பரதம் படித்துவிட்டு இதற்கு வருகிறவர்கள் சறுக்குகிற இடம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: கான்ட்ராக்‌ஷன் என்றதும் குனிந்துவிடுவார்கள். தோள் முன்னால் உருளும், மேல்முதுகு வளையும், இடுப்பு நட்டுவைத்த மாதிரி அசையாமல் இருக்கும். அது கான்ட்ராக்‌ஷனே அல்ல.

சரியான வரிசை இது. தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். மூச்சை விடும்போது இடுப்பெலும்பு பின்னால் சாய, அடிவயிறு முதுகெலும்பை நோக்கிப் போகும். வளைவு வால் எலும்பில் தொடங்கி ஒவ்வொரு கணுவாக மேலேறி, கடைசியில்தான் தலைக்கு வரும். தோள் இடுப்புக்கு நேர் மேலேயே நிற்கும். உட்கார்ந்த உயரம் குறையக் கூடாது. ரிலீஸும் இடுப்பிலிருந்தே புறப்பட வேண்டும். தலையைத் தூக்கி ஆரம்பித்தால் கழுத்து நரம்பு புடைக்கும், பார்க்கிறவர்களுக்குச் சிரமம்தான் தெரியும்.

சோதிக்க எளிய வழி: சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி உட்கார்ந்து செய்யுங்கள். கீழ்முதுகு சுவரை நெருங்க வேண்டும், தோள் சுவரைவிட்டு விலகக் கூடாது. தோள் விலகினால் வளைவு தப்பான இடத்தில் பிறக்கிறது என்று பொருள்.

இன்னொன்று மூச்சு. பரதத்தில் அரைமண்டியில் (முட்டியை மடக்கி) நின்று அடவு செய்யும்போது மூச்சு வெளியே தெரியாமல் இருப்பதுதான் பாடம். வருஷக்கணக்காகப் பழகிய அந்த அடக்கம் இங்கே தடையாகிறது. கிரஹாம் வகுப்பில் மூச்சுதான் அசைவுக்குக் காரணம், ஆகவே அது தெரிந்தே ஆக வேண்டும். பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தால் வயிறு இறுகுமே தவிர உள்வாங்காது. ஆரம்பத்தில் ‘ஹா’ என்று சத்தமாகவே மூச்சை விட்டுச் செய்யச் சொல்லுங்கள். சத்தத்தைப் பிறகு எடுத்துவிடலாம்.

மேடைவிளக்கு:

இதே விஷயத்தை விளக்குப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். முன்விளக்கை அதிகமாக வைத்தால், ஆடுகிறவர் எவ்வளவு சரியாகச் செய்தாலும் கான்ட்ராக்‌ஷன் பார்வையாளருக்குத் தெரியாது. உள்வாங்கிய வயிற்றில் விழ வேண்டிய நிழலை முன்விளக்கு துடைத்துவிடும். உடம்பு அட்டை மாதிரி தட்டையாகிவிடும். பக்கவாட்டு ஒளிதான் விலா எலும்பையும் முதுகின் பள்ளத்தையும் காட்டும். கிரஹாமுக்குப் பல ஆண்டுகள் ஒளி அமைத்த ஜீன் ரோஸெந்தால் நடனத்தில் பக்க ஒளியை நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர்.

செய்முறையாகச் சொன்னால், ஒவ்வொரு பக்கத் திரைக்கும் இடையே ஒரு கம்பம், ஒரு கம்பத்துக்கு மூன்று விளக்கு. தரையிலிருந்து ஒரு அடியில் ஒன்று, இடுப்பு முதல் மார்பு உயரத்தில் ஒன்று, ஏழெட்டு அடியில் ஒன்று. தரையில் படுத்து ஆடும் பகுதிக்குக் கீழ்விளக்கு கட்டாயம், இல்லையென்றால் மேலிருந்து வரும் ஒளி முதுகில் மட்டும் விழுந்து முகம் இருளில் போகும். கீழ்விளக்கின் ஒளி தரையில் தெறிக்காமல் இருக்க, அதன் கீழ்விளிம்பைத் தகட்டால் வெட்டிவிடுங்கள். தரையில் வெளிச்சம் படாவிட்டால் ஆள் மிதக்கிற மாதிரி இருக்கும், தீவுக் கதைக்கு அது நன்றாகப் பொருந்தும்.

முன்விளக்கை அடியோடு அணைக்க வேண்டாம். முகம் தெரியும் அளவுக்குக் கால்பங்கு போதும்.

பின்னிசை:

ஹோவானஸ் பெயரைத் தமிழ் வாசகர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஆர்மீனிய வழியில் வந்த இந்த அமெரிக்கர் 1959–60ல் ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க உதவித்தொகையோடு இந்தியா வந்து, மதராஸில் கர்நாடக இசையைப் படித்தவர். மதராஸ் வானொலி நிலையத்தின் வாத்தியக் குழுவுக்காக ‘நாகூரன்’ என்று ஒரு படைப்பையே எழுதியிருக்கிறார். ‘சர்சி’ அதற்குச் சில ஆண்டுகள் பின்னால் வந்தது. அவருடைய சிம்பொனி வரிசையில் அதுவே 18ஆம் எண்.

இதனால் ‘சர்சி’யில் ராகம் கேட்கும் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம். அவருடைய இசையில் அடிக்கடி வரும் ஒரு உத்தியைத் தெரிந்து வைத்துக்கொள்வது அதைவிட உபயோகம். வாத்தியக்காரர்கள் ஆளுக்கொரு சின்னச் சங்கதியைத் தங்கள் தங்கள் வேகத்தில், ஒருவரோடு ஒருவர் சேராமல், திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். கூட்டாகக் கேட்கும்போது கடல் இரைவது போல, தேனீக்கூட்டம் போல ஒரு முணுமுணுப்பு எழும். அதற்குள் தாளம் கிடையாது. ‘தகதிமி’ என்று எண்ணிக்கொண்டு போக முடியாது.

இப்படிப்பட்ட இசைக்கு ஆடும்போது வருகிற சிக்கல், ஏழு பேரும் ஏழு விதமாக எண்ணுவது. ஒலிப்பதிவாக இருந்தால் நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். அது ஒத்திகையில் நடக்கும், மேடையில் கடிகாரம் ஏது? நடைமுறையில் உதவுவது மூன்று: முரசோ மணியோ விழும் இடத்தை மட்டும் எல்லோருக்கும் பொதுவான அடையாளமாக வைத்துக்கொள்வது, நடுவில் ஒருவரை மூச்சுத் தலைவராக வைப்பது, அவருடைய முதுகு அசைவைப் பார்த்து மற்றவர்கள் தொடங்குவது. முகத்தைப் பார்க்கச் சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், வடிவம் கெடும்.

நட்டுவாங்கத்தின் ஜதிக்கு ஆடிப் பழகிய காதுக்கு இது ஆரம்பத்தில் கால் நழுவுகிற உணர்வைத் தரும். தாளமில்லாமல் விருத்தம் பாடும்போது அபிநயம் பிடிக்கிறோமே, அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்குச் சீக்கிரம் வந்துவிடும்.

அடவுக்காரர்:

மிருகங்களைப் பற்றி யாரும் இன்னும் பேசலியே. நம்ம ஆளுங்க தடுமாறுற இடம் அதுதான். சிங்கம்னா சிம்மமுகம், மான்னா மிருகசீர்ஷம், பாம்புன்னா சர்ப்பசீர்ஷம். நாலு மிருகத்துல மூணுக்குக் கையில முத்திரை தயாரா இருக்கு. கை தானா எழும்பிடும். ஆனா இந்த மாதிரிப் படைப்புல அதுக்கு வேலையே இல்லை. முத்திரை வந்துட்டா, “இது மான்”னு பார்க்கிறவங்களுக்குச் சொல்லியாச்சு. அதோட உடம்பு ஓய்வெடுத்துக்கும்.

இங்க மிருகம்னு நிக்கிறது மனுஷன். மனுஷனா இருந்தவன், உள்ள இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறவன். ஹோமர்லயே பன்றியானவங்களுக்கு உடம்பும் குரலும் மயிரும்தான் மாறும், புத்தி பழையபடியே இருக்கும், அதனால அழுவாங்க. அந்த அழுகைதான் ஆட வேண்டிய விஷயம். மாதிரி மிருகம் ஆடினா குழந்தைகள் நாடகம் ஆயிடும்.

சொல்லிக்கொடுக்கும்போது உதவுற ஒரு வழி: இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கோத்துக்கிட்டு ஆடச் சொல்லுங்க. பாம்புக்காரர் முறுக்கை இடுப்பெலும்புல ஆரம்பிச்சு, விலா, தோள், கடைசியா தலைன்னு தாமதிச்சுக் கொண்டுவரணும். ஆட்டுக்கு எடை எப்பவும் குதிங்கால்ல விழாம முன்பாதத்துல நிக்கணும், திசை சட்டுனு மாறணும். சிங்கம் அடுத்த அடி வைக்கிறதுக்கு முன்னாடி எடையை முழுசா இறக்கணும், அவசரமே கூடாது. மானுக்கு எல்லாம் கழுத்துல தொடங்கும், சத்தம் கேட்டு நிக்கிற மாதிரி. கையைக் கட்டிட்டு இது நாலும் வித்தியாசமாத் தெரிஞ்சா, அப்புறம் கையை அவிழ்த்துவிடலாம்.

காப்பியவாசகர்:

அழுகையைச் சொன்னதற்கு நன்றி. மூலத்தில் சர்சியின் வீட்டைச் சுற்றி ஓநாயும் சிங்கமும் இருக்கின்றன. வந்தவர்கள் மேல் பாயாமல், எஜமானைக் கண்ட நாய் போல வாலை ஆட்டுகின்றன. பயமுறுத்துவது அந்தப் பணிவுதான். சிங்கம் ஆடுகிறவர் உறுமுவதைவிட அதைப் பிடித்தால் சரியாக இருக்கும்.

தரைப்பயிற்சி:

விழுதல் பற்றி ஒரு எச்சரிக்கை. இணையத்தில் துண்டுக் காணொளி பார்த்துவிட்டு நேராக வேகமாக விழுகிறார்கள், முட்டிச்சில்லு உடையும். இந்த முறையில் உடம்பு கீழே போகும்போது நடுப்பகுதி மேலே இழுத்துக்கொண்டிருக்கும். அந்த எதிர்ப்பு இருப்பதால்தான் சத்தமே இல்லாமல் தரை வந்து சேர்கிறது. தரையில் படும் வரிசை: கணுக்காலின் வெளிப்பக்கம், கெண்டைக்கால், தொடை, இடுப்பின் பக்கச் சதை, பிறகு கை நீண்டு வழுக்கிக்கொண்டு போக உடம்பின் பக்கவாட்டு. முட்டி, முழங்கை, முதுகெலும்பு மூன்றும் முதலில் படக் கூடாது. எட்டு எண்ணிக்கையில் தொடங்கி நான்கு, இரண்டு, ஒன்று என்று குறையுங்கள். ‘தொப்’பென்று கேட்டால் மறுபடி எட்டுக்குப் போக வேண்டும். வகுப்பில் பெரும்பாலும் இடப்பக்கம் விழத்தான் சொல்லித்தருவார்கள், ஒத்திகையில் இரண்டு பக்கமும் செய்து வையுங்கள்.

தரை முக்கியம். சிமெண்ட் தரைமேல் வினைல் விரித்தால் வழுக்காது, ஆனால் அடியை வாங்காது. அடியில் காற்றிடைவெளி உள்ள மரத்தரை வேண்டும். வினைலில் வியர்வை பட்டால் தோல் ஒட்டிக்கொண்டு இழுபடும், முட்டியால் நகரும் இடங்களில் தீக்காயம் போல உரியும். தோல் நிறத்தில் மெல்லிய முட்டிக் கவசம் போடுவதில் வெட்கம் வேண்டாம்.

மேடைவிளக்கு:

கிரஹாமின் இன்னொரு கிரேக்கப் படைப்பு ‘கிளைட்டெம்னெஸ்ட்ரா’வையும் சேர்த்துப் பேசலாம். 1958 ஏப்ரல் 1, நியூயார்க். இசை எகிப்தியரான ஹலீம் எல்-தாப், மேடை நொகுச்சி, ஒளி ரோஸெந்தால். ஒரு மாலை முழுவதும் ஓடும் நீளம். 63 வயதில் கிரஹாமே நாயகியாக ஆடினார். கணவன் அகமெம்னனைக் கொன்ற அரசியின் கதை இது; கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் நாடகங்களிலிருந்து வந்தாலும் அதன் வேர் ஒடிசியிலேயே இருக்கிறது. பதினோராம் காண்டத்தில் அகமெம்னனின் ஆவி தன் கொலையை யுலிசீஸிடம் சொல்லிப் புலம்புகிறது.

இதைப் பார்த்துவிட்டு எல்லோரும் கையிலெடுப்பது அந்தப் பெரிய சிவப்புத் துணியைத்தான். துணி வைத்து முயல்கிறவர்கள் கவனிக்க: மெல்லிய பட்டு அழகாக விரியும், ஆனால் குளிர்பதனக் காற்றுக்கே கிளம்பிப் பறந்து ஆள்மேல் சுற்றிக்கொள்ளும். கனமான கிரேப் வகைத் துணி சொன்ன இடத்தில் விழும். ஐந்து மீட்டர் நீளத்துக்கு மேல் போனால் இருவர் பிடிக்க வேண்டும், ஓரத்தில் மெல்லிய சங்கிலியோ கனமான நாடாவோ வைத்துத் தைக்க வேண்டும். விரித்த துணிமேல் வெறுங்காலோடு திரும்பவே கூடாது. நேராக, பாதத்தை மேலிருந்து இறக்கி வைத்து நடக்கலாம். துணியின் அடிப்பக்கம் சொரசொரப்பாக இருக்கட்டும்.

சிவப்புத் துணிமேல் பச்சை, நீல ஒளி விழுந்தால் கறுப்பாகிவிடும். கடலுக்கென்று நீலம் போட்டு வைத்திருந்தால் அந்தக் காட்சிக்கு முன்னால் அதை இறக்க மறக்காதீர்கள்.

அடவுக்காரர்:

நீளப் பாவாடைக்கும் இதே கதைதான். உடுப்பை கடைசி ஒத்திகைக்குக் கொண்டுவராதீங்க, முதல் நாள்லேருந்தே பழைய பாவாடை ஒண்ணைக் கட்டிக்கிட்டுப் பழகணும். பின்னால அடி வைக்கும்போது விளிம்பை மிதிச்சுத்தான் எல்லாரும் விழுவாங்க. பின்னடிக்கு முன்னாடி குதிங்காலால துணியைத் தள்ளிவிடுற பழக்கம் வரணும். அது அசைவோட சேர்ந்து போச்சுன்னா, யாருக்கும் தெரியாது.