காற்றில்லாத கடலடுக்கு ஊறுகாய் ஜாடியா, சாண எரிவாயுக் கலனா?

தேவனாம்பட்டினம் ஆசிரியை எழுதியது:

கடலூரில் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உயிரியல் கற்பிக்கிறேன். சென்ற மாதம் வங்கக் கடலின் ஆக்சிஜன் குறைந்த அடுக்கைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, மேல்மட்டத்தில் வாழும் நுண்பாசிகளும் சிற்றுயிர்களும் இறந்து, அவற்றின் கழிவோடு சேர்ந்து கீழே விழுகின்றன, அவற்றை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது ஆக்சிஜன் செலவாகிவிடுகிறது என்று வழக்கமான விளக்கத்தைச் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "மாங்காய் ஊறுகாயின் மேல் நல்லெண்ணெய் மிதக்கும்படி ஊற்றி வைத்தால் காற்றுப் படாமல் கெடுவதில்லையே மிஸ், அதுபோல ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் அழுகல் நின்றுவிட வேண்டாமா?" என்று கேட்டாள். ஆமாம், குறையும் என்றேன். "நின்றுவிட்டால் ஆக்சிஜனைச் செலவழிக்க ஆளில்லையே, பிறகு அது ஏன் திரும்ப ஏறவில்லை?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வீடு திரும்பும் வழியில் உப்பனாற்றங்கரையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையச் சேறு எடுத்து, இறால் ஓடுகள் சிலவற்றை அதில் புதைத்து, ஆய்வகத்துச் சன்னலில் மூன்று வாரம் வைத்திருந்தேன். மேலே நகத்தின் கனத்துக்குப் பழுப்பு நிறப் படலமும் அதற்குக் கீழே மை போன்ற கறுப்பும் தெரிந்தன. குச்சியால் கிளறியவுடன் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது. என் வெள்ளி மோதிரம் மங்கிக் கறுத்தது. இறால் ஓட்டில் ஒட்டியிருந்த சதை முழுவதும் காணாமல் போயிருந்தது. பண்ருட்டியில் என் மாமியார் வீட்டில் இருந்த சாண எரிவாயுக் கலனிலும் காற்றில்லாமல்தானே சாணம் சிதைந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆகவே ஊறுகாய் உவமை சரியா, எரிவாயுக் கலன் உவமை சரியா? ஆக்சிஜன் இல்லாத நீரில் விழும் பொருளுக்கு உண்மையில் என்னதான் நேர்கிறது?

வெள்ளாற்று முகத்துவாரம் எழுதியது:

அம்மா, நான் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவன். உங்கள் மாணவியின் இரண்டாவது கேள்வி முதலாவதைவிடக் கூர்மையானது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஊறுகாய் கெடாமல் இருப்பதற்கு உப்பும் புளிப்புமே முதற்காரணம். எண்ணெய் செய்வது பூஞ்சையைத் தடுப்பது மட்டும். காற்றை மட்டும் நீக்கினால் அழுகல் நிற்காது, அழுகவைப்பவர்கள்தாம் மாறுவார்கள். ஆக்சிஜன் தீர்ந்த நீரில் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. அதில் அவற்றுக்குக் கிடைக்கும் ஆற்றல் ஆக்சிஜனால் கிடைப்பதைவிடச் சற்றே குறைவு. நைட்ரேட்டும் தீர்ந்த இடத்தில் சல்பேட்டைப் பயன்படுத்துபவை வருகின்றன. அவற்றுக்குக் கிடைக்கும் ஆற்றல் ஆக்சிஜன் தருவதில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது என்றாலும், கடல்நீரில் சல்பேட் நைட்ரேட்டைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு இருப்பதால் அவற்றின் வேலை நிற்பதில்லை. உங்கள் பாட்டிலில் நாறியதும் மோதிரத்தைக் கறுக்கவைத்ததும் அவை வெளிவிட்ட ஹைட்ரஜன் சல்பைடுதான். இந்த அளவுக்கு எரிவாயுக் கலன் உவமையே சரி.

ஆனாலும் அளந்து பார்த்தால், ஆக்சிஜன் குறைந்த அடுக்கைத் தாண்டி ஆழத்துக்குச் சேரும் கரிமப் பொருள் மற்ற இடங்களைவிட அதிகமாகவே இருக்கிறது. பசிபிக்கின் வடகிழக்குப் பகுதியில், விழும் துகள்களைப் பிடிக்கும் பொறிகளைத் தொங்கவிட்டு அளந்த ஜான் மார்ட்டினும் அவருடைய குழுவினரும் 1987-இல் ஒரு சூத்திரம் தந்தார்கள். அதன்படி, 100 மீட்டர் ஆழத்தைக் கடக்கும் கரிமப் பொருளை 100 என்று வைத்தால், 500 மீட்டரில் 25-உம் 1,000 மீட்டரில் 14-உம்தான் மிஞ்சும். ஆழம் கூடக் கூடப் பொருள் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதைக் காட்டும் அடுக்கெண் அந்தச் சூத்திரத்தில் 0.858. மெக்சிகோவின் மேற்குக் கரைக்கு அப்பால், ஆக்சிஜன் இல்லாத நீரில் அளந்து 2002-இல் வெளியான ஆய்வில் அதே அடுக்கெண் 0.40 என்று வந்தது. அதாவது 500 மீட்டரில் 53, 1,000 மீட்டரில் 40. மாணவிகளைக் கொண்டு இரண்டு வளைவுகளையும் ஒரே வரைபடத் தாளில் வரையச் சொல்லிப் பாருங்கள். நான் வாயால் சொல்வதைவிட அது நன்றாகச் சொல்லும்.

அழுகல் நிற்கவில்லை என்றால் இவ்வளவு ஏன் மிஞ்சுகிறது என்று கேட்பீர்கள். பாக்டீரியாவை மட்டுமே பார்ப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது என்பது என் கருத்து. விழுகிற பொருளை முதலில் கையாளுபவை கண்ணுக்குத் தெரியும் அளவிலான விலங்கு மிதவைகள், குறிப்பாகக் கோப்பிபாடுகள் என்னும் பொடி இறால் போன்ற சிற்றுயிர்கள். அவை ஒரு துகளைப் பிடித்துத் தின்னும்போது பாதியைச் சிந்துகின்றன; கால்களால் உதைத்து உடைக்கின்றன. அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகள் திரளைக் கடற்பனி என்பார்கள். அது நாளொன்றுக்கு 50 மீட்டர் இறங்கினால் 500 மீட்டர் தடிமனுள்ள அடுக்கைப் பத்து நாளில் கடந்துவிடும். அதையே உடைத்துத் தூளாக்கினால், நாளுக்கு 5 மீட்டர் இறங்கும் அந்தத் தூளுக்கு நூறு நாள் ஆகும், பாக்டீரியாவுக்கும் பத்து மடங்கு நேரம் கிடைக்கும். ஆக்சிஜன் மிகக் குறைந்த மையப் பகுதியில் இந்த விலங்குகள் பெரும்பாலும் தங்கி இரை தேடுவதில்லை. உடைக்க ஆளில்லாததால் பெரிய துகள் பெரிதாகவே இறங்கிப் போகிறது. அரிசியை உரலில் இடிக்காமல் முழுதாக ஊறப்போட்டால் ஊற நேரமாவது போன்றதுதான் இதுவும்.

முத்தியால்பேட்டை வாசகர் எழுதியது:

மேலே உள்ள மறுமொழியில் ஒரு திருத்தம் தேவை என்று எண்ணுகிறேன். விலங்கு மிதவைகள் அங்கே இல்லவே இல்லை என்று படிப்பவர் புரிந்துகொள்ளக் கூடாது. இரவில் மேலே வந்து இரை தின்றுவிட்டுப் பகலில் தங்களைத் தின்னும் மீன்களுக்கு அஞ்சி இருட்டான ஆழத்துக்குப் போகும் உயிர்கள் ஏராளம். அவற்றில் சில ஆக்சிஜன் குறைந்த அடுக்குக்குள்ளேயே பகலைக் கழிக்கின்றன. மேலே தின்றதைக் கீழே கழிக்கும் இந்த உயிர்கள் விழுகிற பொருளின் கணக்கில் வராத ஒரு சுமையைத் தாமே கீழே கொண்டுபோகின்றன. அவை வெளிவிடும் அம்மோனியா அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. மேலும், உடைப்பவர்கள் குறைவதுதான் பெரிய காரணமா, நுண்ணுயிரிகளின் சிதைவே மெதுவாவது பெரிய காரணமா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரே கருத்துக்கு வரவில்லை. நீங்கள் முதற்காரணத்தின் பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாய்கிறீர்கள்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சுற்றியுள்ள நீரில் ஆக்சிஜன் கொஞ்சம் இருந்தாலும் ஒரு பெரிய துகளின் நடுப்பகுதிவரை அது ஊடுருவிச் சேர்வதற்குள் ஓரத்தில் உள்ள பாக்டீரியாக்கள் தீர்த்துவிடுகின்றன. எனவே ஒரு கடற்பனித் துகளுக்குள்ளேயே, ஆசிரியையின் பாட்டிலில் இருந்ததுபோல், வெளியே பழுப்பும் உள்ளே கறுப்புமான இரண்டு உலகங்கள் இருக்கலாம். உள்ளே உண்டாகும் சல்பைடு அங்குள்ள கரிமப் பொருளோடு சேர்ந்து அதை எளிதில் சிதையாததாக மாற்றுகிறது என்பதைப் பசிபிக்கின் கிழக்கு வெப்பமண்டலப் பகுதியில் எடுத்த துகள்களை வைத்து 2021-இல் காட்டினார்கள். ரப்பர் பாலில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது டயருக்கு ஏற்ற உறுதி பெறுவதை நினைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு அம்சத்தில் மட்டும் மாணவியின் ஊறுகாய் உவமைக்கு ஓரளவு இடம் உண்டு.

வெள்ளாற்று முகத்துவாரம் எழுதியது:

திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். "தங்கி இரை தேடுவதில்லை" என்று நான் எழுதியது பகலில் வந்து ஒளிபவற்றை நினைத்துத்தான், ஆனால் அதை விளக்காமல் விட்டது என் குறையே.

வீராம்பட்டினத்தான் எழுதியது:

நான் ஆய்வாளன் அல்லன். எங்கள் குடும்பத்தினர் கடலுக்குப் போகிறவர்கள். பசிபிக்கைப் பற்றிச் சொன்னீர்கள். நம் கடலுக்கும் அது பொருந்துமா? ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று வெள்ளம் வந்து சேர்ந்தால் கரையிலிருந்து வெகுதூரம் நீர் கலங்கியே கிடக்கும். பத்துப் பாகம், அதாவது ஏறத்தாழ அறுபதடி ஆழத்தில் வலை விட்டாலும் வண்டல் ஒட்டிக்கொண்டு வரும். அவ்வளவு மண் இறங்கினால், விழுகிற பொருளுக்கு அது தடையா, உதவியா?

வெள்ளாற்று முகத்துவாரம் எழுதியது:

அண்ணே, நம் கடலுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியதே நீங்கள் கேட்ட அந்த மண்தான். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது.

அரபிக் கடலோடு ஒப்பிட்டால் வங்கக் கடலின் மேல்மட்டத்தில் நுண்பாசி வளர்ச்சி குறைவு. கங்கையும் பிரம்மபுத்திராவும் மற்ற ஆறுகளும் மழையும் சேர்ந்து மேலே நன்னீர்ப் போர்வை ஒன்றைப் போர்த்திவிடுவதால், கீழேயுள்ள சத்து மேலே கலந்து வருவது கடினம். பாசி குறைவென்றால் ஆழத்தில் விழுவதும் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? 1987 முதல் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் வங்கக் கடலின் ஆழத்தில் கூம்பு வடிவப் பொறிகளைக் கட்டி நிறுத்தி, விழுவதைப் பல மாதங்கள் சேகரித்தன. வேணுகோபாலன் இட்டேக்கோட் உள்ளிட்டோர் 1991-இல் வெளியிட்ட முடிவின்படி, ஆறுகள் பெருகும் பருவத்தில் பொறிகளில் களிமண்ணும் கரிமப் பொருளும் சேர்ந்தே கூடின. பாசி, சளி, கழிவு ஆகியவற்றின் அடர்த்தி கடல்நீரைவிடச் சிறிதே அதிகம். களிமண்ணின் அடர்த்தியோ கடல்நீரைப்போல் இரண்டரை மடங்கு. கொழகொழத்த துகளில் களிமண் ஒட்டிக்கொண்டால், வலையின் அடிக்கயிற்றில் ஈயக் குண்டு கட்டியதுபோல் அது விரைந்து இறங்கிவிடுகிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன என்பதை வைத்துப் பார்த்தால் குண்டுக்குப் பஞ்சமில்லை. மழைக்காலத்தில் வடக்கிலிருந்து நம் கரையோரமாகத் தெற்கே ஓடும் நீரோட்டம் அந்த நன்னீர்ப் போர்வையின் ஒரு பகுதியைப் புதுச்சேரி, கடலூர் பக்கமும் இழுத்து வருகிறது.

இனி மாணவியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வங்கக் கடலில் ஏறத்தாழ 100 மீட்டரிலிருந்து 600 மீட்டர் வரை ஆக்சிஜன் மிகக் குறைவு. ஆயினும் நுண்ணிய உணரிகளைக் கொண்டு அளந்து 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று, அது முழுச் சுழியம் இல்லை, லிட்டருக்கு 10 முதல் 200 நானோமோல் வரை எஞ்சியிருக்கிறது என்று காட்டியது. ஆயிரம் நானோமோல் சேர்ந்தது ஒரு மைக்ரோமோல்; மேல்மட்டத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 200 மைக்ரோமோல் இருப்பதால், இது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழ். நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும் பாக்டீரியாக்கள் அங்கே இருந்தும் வேலையைப் பெரிதாகத் தொடங்கவில்லை. அரபிக் கடலில் அது பெரிய அளவில் நடக்கிறது. அந்தக் கடைசித் துளி ஆக்சிஜன் எஞ்சியிருப்பதற்கு மண் சுமந்த துகள்கள் அடுக்குக்குள் தங்காமல் விரைந்து தாண்டிவிடுவதும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஆக, ஆக்சிஜன் குறையக் குறையத் துகள் அதிகமாகத் தாண்டிப் போகிறது; தாண்டிப் போகப் போக அந்த அடுக்கில் ஆக்சிஜன் செலவு குறைகிறது. இப்படித் தன்னைத்தானே ஓரளவு மட்டுப்படுத்திக்கொள்ளும் ஏற்பாடுதான் அது. அப்படியானால் ஆக்சிஜன் ஏன் ஏறவில்லை என்றால், வரவும் மிகச் சொற்பம் என்பதுதான் விடை. வடக்கே நிலம் அடைத்துக்கொண்டிருக்கிறது, மேலே நன்னீர்ப் போர்வை மூடியிருக்கிறது, தெற்கிலிருந்து மெல்ல வரும் நீரோ வழியிலேயே தன் ஆக்சிஜனில் பெரும்பகுதியை இழந்துவிட்டு வருகிறது. செலவு குறைந்தாலும் வரவே இல்லாத வீட்டில் பணம் சேராது என்று உங்கள் மாணவியிடம் சொன்னால் புரிந்துகொள்வாள்.

தேவனாம்பட்டினம் ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் இரண்டு வளைவுகளையும் வரைந்தோம். பிறகு, ஈயக் குண்டு உவமையைக் கண்ணால் காட்ட எண்ணி, ஆறிய கஞ்சியின் மேல் படிந்த ஆடையைத் துண்டுதுண்டாகக் கிள்ளி, சிலவற்றைக் களிமண் கரைசலில் புரட்டி, உப்பு நீர் நிறைந்த உயரமான கண்ணாடிக் குழாய்க்குள் விட்டோம். வெறும் ஆடைத் துண்டு நடுவழியில் தயங்கித் தயங்கி இறங்கியது. மண் பூசிய துண்டு நேராக அடிக்குப் போய்விட்டது. துண்டைக் கரண்டியால் தட்டி உடைத்தபோது தூள் மணி அடிக்கும்வரை மேலேயே நின்றது. அதையும் பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும் எங்களுக்கு விளங்கவில்லை. மீதமிருந்த களிமண் கரைசலைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் ஊற்றினால் மறுநாள் காலையிலும் கலங்கலாகவே இருக்கிறது. உப்பு நீரில் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் பஞ்சுபோல் திரண்டு படிந்துவிடுகிறது. அப்படியானால் ஆற்று மண் கடலுக்குள் அவ்வளவு தூரம் எப்படிப் போகிறது?

வெள்ளாற்று முகத்துவாரம் எழுதியது:

நன்னீரில் களிமண் துகள்கள் ஒரே மின்னேற்றத்தால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. உப்பு நீரில் அந்த விலக்கம் அடங்கிவிடுவதால் ஒட்டித் திரள்கின்றன. வெள்ளாற்றிலும் கெடிலத்திலும் தென்பெண்ணையிலும் வரும் மண்ணில் பெரும்பகுதி முகத்துவாரத்திலேயே விழுவதற்கும், அங்கே மணல்திட்டும் சேறும் ஓயாமல் மேடிடுவதற்கும் இது ஒரு காரணம். வெகுதூரம் போவது மிக நுண்ணிய பகுதி மட்டுமே. அதுவும் உப்புக் குறைந்த அந்த மேற்போர்வையோடு சேர்ந்து மிதந்து போகிறது. நடுக்கடலில் பாசிச் சளியில் ஒட்டிக்கொண்டு பொறியில் வந்து விழுந்தது இந்த நுண்மண்தான்.