ஜீப் எஞ்சின், லாரி அச்சு, இழுவைப் புல்வெட்டி: இது ஆலையில் உருவானதா, பட்டறையில் உருவானதா?

உழவுச்சால் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூடிக்கிடந்த ஒரு பட்டறையைக் காலிசெய்தபோது கிடைத்த பழைய டிராக்டர் ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் நான்கு சிலிண்டர் எஞ்சின் என்று நான் கருதும் ஒன்று இதில் பொருத்தப்பட்டிருக்கிறது. அதற்குப் பின்னால் ஜீப்பின் மூன்று கியர் பெட்டி, அதற்கும் பின்னால் அளவில் மிகப் பெரிய இன்னொரு கியர் பெட்டி, கடைசியாக ஒரு கனமான லாரியின் பின் அச்சு என்று எல்லாம் ஒரே வரிசையில் அமைந்திருக்கின்றன. சட்டம் முழுவதும் சி வடிவ இரும்புச் சட்டங்களை வெட்டி, பற்றவைத்துச் செய்யப்பட்டது. இதனுடன் தரைச் சக்கரங்களால் இயங்கும் மூன்று உருளைக் கத்திகளைக் கொண்ட இழுவைப் புல்வெட்டி ஒன்றும் கிடைத்தது.

என்னிடம் ஒப்படைத்தவர், இது அமெரிக்காவில் போருக்குப் பிறகு தயாரான அரிய 'எம்பயர்' டிராக்டர் என்று உறுதியாகச் சொன்னார். ஆனால் உற்பத்தித் தகடு எதையும் காணவில்லை. இது ஓர் ஆலையின் தயாரிப்பா, ராணுவ உபரிப் பாகங்களைக் கொண்டு யாரோ தம் கையால் கட்டியதா என்பதை எப்படி உறுதிசெய்வது? ஒருவர் ஏன் இரண்டு கியர் பெட்டிகளை அடுத்தடுத்து வைக்க வேண்டும்? எஞ்சினைக் கழற்றி ஜீப் புதுப்பிக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெம்புகோல் எழுதியது:

வணக்கம். முதலில் எஞ்சினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் வார்ப்பு உடலான பிளாக்கின் வலப்புறம் முன்பகுதியில் சற்றே மேடாக உள்ள இடத்தைத் துடைத்துப் பாருங்கள். எஞ்சின் எண் அங்கேதான் அடிக்கப்பட்டிருக்கும். 'எம்.பி.' என்று தொடங்கினால் வில்லிஸ் செய்த ராணுவ எஞ்சின்; 'ஜி.பி.டபிள்யூ.' என்று தொடங்கினால் அதே வடிவமைப்பில் ஃபோர்டு செய்தது; 'சி.ஜே.2ஏ' என்றோ வெறும் 'ஜே' என்றோ தொடங்கினால் 1945-க்குப் பின் வந்த குடிமக்களுக்கான ஜீப்பினுடையது. ஃபோர்டு தன் பாகங்களில் பலவற்றிலும், போல்ட் தலைகளில்கூட, 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்தது. ஆகவே எஞ்சினைத் தாங்கும் போல்டுகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஆனால் எஞ்சின் எண்ணை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர்க்காலத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. அந்த எஞ்சின்கள் பிற்காலத்தில் மரம் அறுக்கும் எந்திரம் முதல் தண்ணீர் பம்பு வரை எங்கெங்கோ போய்ச் சேர்ந்தன. ஒரே வண்டியில் மூன்று முறை எஞ்சின் மாறியிருப்பதும் உண்டு.

எம்பயர் டிராக்டர் 1940-களின் பிற்பகுதியில், சில ஆண்டுகள் மட்டும், பிலடெல்பியாவில் தயாரானது. வில்லிஸ் எஞ்சினையும் ஜீப்பின் பற்சக்கர அமைப்பையும் கொண்டிருந்ததால், ஜீப் எஞ்சின் உள்ள எந்த டிராக்டரைக் கண்டாலும் அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். ஆலையில் செய்த சட்டத்துக்கு ஒரு சீர்மை உண்டு. இடப்புறத் துளைக்கு நேர் எதிரே வலப்புறத் துளை இருக்கும். துளைகள் துளைப்பானால் போடப்பட்டிருக்குமே தவிர வாயு நெருப்பால் ஊதித் திறக்கப்பட்டிருக்காது. பயன்படாத துளை என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது. உங்கள் சட்டத்தில் எதற்கென்றே தெரியாத துளைகள் வரிசையாக இருந்தால், அவை அந்த இரும்பு முன்பு வேறொரு வண்டியில் செய்த வேலையின் தடங்கள். நீங்கள் விவரித்த பற்றவைப்பையும் லாரி அச்சையும் பார்த்தால், இது பட்டறையில் கட்டியது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதனால் இதன் மதிப்பு குறைகிறது என்று நான் நினைக்கவில்லை.

பற்சக்கரம் எழுதியது:

இரண்டு கியர் பெட்டிகள் எதற்கு என்ற கேள்வியில்தான் இந்த வகை டிராக்டர்களின் உயிரே இருக்கிறது என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

போர்க்கால ஜீப்பின் 'கோ டெவில்' எஞ்சின் 2.2 லிட்டர் கொள்ளளவும், நிமிடத்துக்கு 4,000 சுழற்சியில் 60 குதிரைத்திறனும், 2,000 சுழற்சியில் சுமார் 142 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொண்டது. அக்காலத்துச் சிறிய டிராக்டர்களோடு ஒப்பிட்டால் இந்தத் திறன் தாராளம். குறை எஞ்சினில் இல்லை, வேகத்தில்தான் இருக்கிறது. ஜீப்பின் முதல் கியர் விகிதம் 2.665, முன்பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் துணைப் பெட்டியின் தாழ் விகிதம் 1.97, அச்சின் விகிதம் 4.88. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 25.6 வருகிறது; அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சின் 25.6 முறை சுற்ற வேண்டும். எஞ்சின் 2,000 சுழற்சியில் ஓடும்போது ஜீப்பின் இயல்பான சக்கரம் மணிக்குச் சுமார் 10 கி.மீ. வேகத்தில் உருளும். கலப்பை பிடிப்பதற்கு அதில் பாதி வேகம் போதும். கிளட்சை அரைகுறையாக மிதித்துக்கொண்டு உழுதால் ஒரு வயலை முடிப்பதற்குள் கிளட்சுத் தகடு கருகிவிடும்.

இந்தக் குறையை வில்லிஸ் நிறுவனமே உணர்ந்திருந்தது. விவசாயிகளை மனதில் வைத்து 1945-இல் வெளியிட்ட சி.ஜே.2ஏ-யில் கியர் பெட்டி, துணைப் பெட்டி, அச்சு மூன்றின் விகிதங்களையும் உயர்த்தி, மொத்த விகிதத்தை 36-க்கு மேல் கொண்டுவந்தார்கள். அப்போதும் அதே சுழற்சியில் வேகம் மணிக்கு 7 கி.மீ. அளவில்தான் நின்றது. பட்டறைக்காரர்களின் கையில் இருந்ததோ ராணுவ உபரி மட்டுமே. அவர்கள் கண்டுகொண்ட எளிய வழி, இன்னொரு கியர் பெட்டியைப் பின்னால் கோப்பது. இரண்டு முதல் கியர்களும் ஒன்றையொன்று பெருக்கும். வேகம் நடைவேகத்துக்கு இறங்கும். முறுக்குவிசை அதே அளவுக்கு ஏறும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதல் பெட்டி பெருக்கிய விசை முழுவதையும் இரண்டாவது பெட்டி தாங்கியாக வேண்டும். ஜீப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு ஜீப் பெட்டியையே வைத்தவர்கள், வழக்கமான 142-க்குப் பதிலாக ஏறத்தாழ 380 நியூட்டன் மீட்டரை அதற்குள் செலுத்தி, பற்களை உடைத்துக்கொண்டார்கள். உங்கள் வண்டியில் பின்பெட்டி மிகப் பெரியது, அச்சும் லாரியினுடையது என்கிறீர்கள். அப்படியானால் இதைக் கட்டியவர் கணக்குத் தெரிந்தவர். அவரைப் பார்க்காமலே அவர் மேல் எனக்கு மதிப்பு வருகிறது.

அச்சு எந்த லாரியினுடையது என்பதை நீங்களே அளக்கலாம். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தரையிலிருந்து உயர்த்தி, மறுபக்கச் சக்கரம் நகராதபடி கட்டைகொடுத்து, கியரை நடுநிலையில் வைத்துவிட்டு, உயர்த்திய சக்கரத்தைச் சரியாக இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். அதற்குள், கியர் பெட்டியிலிருந்து அச்சுக்குப் போகும் நீள்தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்று சுண்ணக்கோடு போட்டு எண்ணினால் அதுவே அச்சின் விகிதம். ஐந்துக்குச் சற்றுக் குறைவாக வந்தால் போர்க்கால ஜீப். ஐந்தும் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்ததற்குச் சற்று மேலே வந்தால் சி.ஜே.2ஏ, ஆறரைக்குக் கொஞ்சம் மேலே வந்தால் ஜி.எம்.சி. இரண்டரை டன் லாரி போன்ற கனரக ராணுவ லாரியின் அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பழையஇரும்பு எழுதியது:

நான் ஜீப்புகளைப் புதுப்பிப்பவன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எண் தெளிவாக உள்ள, விரிசல் இல்லாத எம்.பி. பிளாக் ஒவ்வோர் ஆண்டும் அரிதாகிக்கொண்டே வருகிறது. பற்றவைத்த சட்டத்தில் உட்கார்ந்து துருப்பிடிப்பதைவிட, அது ஒரு முழுமையான ஜீப்பில் மீண்டும் ஓடுவது நல்லதல்லவா? டிராக்டருக்கு அதே அளவுள்ள பிற்கால எஞ்சின் ஒன்றை வைத்தாலும் அது ஓடும். எஞ்சினைப் பிரிக்க நேர்ந்தால் முன்மூடியைத் திறந்து, வால்வுகளை இயக்கும் கேம் தண்டு சங்கிலியால் ஓடுகிறதா, பற்சக்கரத்தால் ஓடுகிறதா என்று பாருங்கள். போர்க்கால எஞ்சின்களில் சங்கிலிதான்.

இன்னொன்று, இது பாதுகாப்பு பற்றியது. பழைய கிளட்ச், பிரேக் பட்டைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும்; காற்றடித்துத் துடைக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். இருளில் ஒளிரும் எழுத்துள்ள ராணுவ அளவி ஏதேனும் இருந்தால் அதன் கண்ணாடியைத் திறக்கவே திறக்காதீர்கள். அக்காலத்து ஒளிர்பூச்சுகள் பலவற்றில் கதிரியக்கமுள்ள ரேடியம் கலந்திருந்தது.

நெம்புகோல் எழுதியது:

பழையஇரும்பு அவர்களின் எச்சரிக்கைக்கு நன்றி. எஞ்சினைப் பிரித்தெடுப்பதில் மட்டும் நான் உறுதியாக மாறுபடுகிறேன். ஜீப்புகள் ஆயிரக்கணக்கில் பாதுகாக்கப்பட்டுவிட்டன. போர் முடிந்த பின் இரும்பும் பணமும் கிடைக்காத ஆண்டுகளில் மனிதர்கள் எப்படி உழுதார்கள், எப்படிப் புல் வெட்டினார்கள் என்பதைச் சொல்லும் இத்தகைய வண்டிகளோ, ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான்.

இவை ஓரத்தில் நின்ற விளையாட்டுப் பொருள்கள் அல்ல. இத்தாலியில் ஃபெருச்சோ லம்போர்கினி 1940-களின் கடைசியில் தம் முதல் டிராக்டர்களை உபரி ராணுவ வாகனங்களின் பாகங்களைக் கொண்டே கட்டினார். அவற்றில் இருந்தது மோரிஸ் லாரியின் ஆறு சிலிண்டர் எஞ்சின். பெட்ரோல் விலை தாங்காது என்பதால், பெட்ரோலில் கிளப்பிவிட்டுப் பிறகு மலிவான எரிபொருளுக்கு மாற்றிக்கொள்ளும் ஆவியாக்கி ஒன்றையும் அதில் அமைத்தார். பிரிட்டனின் ரோட்லெஸ் நிறுவனம் ஃபோர்ட்சன் மேஜர் டிராக்டரை நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றியபோது முன்பக்கம் வைத்தது, உபரியாகக் கிடைத்த ஜி.எம்.சி. ராணுவ லாரியின் அச்சைத்தான்.

எல்லா முயற்சியும் வென்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டாங்கன்யிகாவில் (இன்றைய தான்சானியா) பிரிட்டிஷ் அரசு 1947-இல் தொடங்கிய நிலக்கடலை பயிரிடும் திட்டத்துக்காக விக்கர்ஸ் நிறுவனம் ஷெர்மன் டாங்கியின் அடித்தளத்தைக் கொண்டு 'ஷெர்விக்' என்ற டிராக்டரைச் செய்தது. டாங்கியாக ஓடப் பிறந்த பாகங்கள், நாள் முழுதும் மெதுவாக, முழுச்சுமையுடன் காட்டை அழிக்கும் வேலைக்கு ஒத்துவரவில்லை. திட்டமே 1951-இல் கைவிடப்பட்டது. பற்சக்கரம் அவர்கள் விளக்கிய வேகச் சிக்கல், ஜீப் அளவில் ஒரு பட்டறையில் தீர்ந்தது. டாங்கி அளவில் தீரவில்லை.

உழவுச்சால் அவர்களே, உங்கள் வண்டியில் இரண்டாவது எரிபொருள் தொட்டி ஏதேனும் இருக்கிறதா? புகைக்குழாயைச் சுற்றித் தகட்டு உறை இருக்கிறதா? இருந்தால் அதுவும் மண்ணெண்ணெயில் ஓட்டுவதற்கான ஏற்பாடாக இருக்கலாம். ஜீப்பின் அழுத்த விகிதம் 6.48, மண்ணெண்ணெய்க்கு அது அதிகம். அப்படி ஓடிய எஞ்சினில் எரியாத மண்ணெண்ணெய் வழிந்து மசகெண்ணெயை நீர்க்கச் செய்து, தாங்கிகளைத் தேய்த்திருக்கும். கிளப்புவதற்கு முன், எஞ்சினின் அடியில் மசகெண்ணெய் தேங்கும் கீழ்த்தொட்டியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

பற்சக்கரம் எழுதியது:

புல்வெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே. தரைச் சக்கரத்தால் உருளைக் கத்தி சுழலும் வகைக்கு டிராக்டரிலிருந்து சுழல்விசை எதுவும் வேண்டாம், அதைக் கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டும் வேண்டாம், இழுத்தால் போதும். இழுவையும் கலப்பையோடு ஒப்பிட்டால் சொற்பம். வேகமும் மணிக்கு 8 அல்லது 10 கி.மீ. இருக்கலாம். அதாவது ராணுவ ஜீப்பின் கியர் விகிதம் உழவுக்குப் பொருந்தாவிட்டாலும் புல்வெட்ட ஏறத்தாழ அப்படியே பொருந்தும். ஆகவே பின்பெட்டியை, வேகத்தைக் குறைக்காத நேரடிக் கியரில் விட்டுப் புல்லும், தாழ்கியரில் போட்டு நிலமும் என்று ஒரே வண்டியை இரண்டு வேலைக்கும் ஓட்டியிருப்பார்கள் என்று கருதுகிறேன்.

ஓட்டிப் பார்க்கும்போது வெப்பமானியில் கண் வையுங்கள். சாலையில் எதிர்க்காற்று வாங்கிக் குளிர்ந்த எஞ்சின் இது. மெதுவாகப் போகும்போது விசிறி மட்டுமே துணை. வெட்டிய புல் துகள் ரேடியேட்டரின் இடுக்குகளை அடைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் கொதித்துவிடும். முன்னால் ஒரு கம்பிவலைத் தடுப்பு இருந்த அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள்.

உழவுச்சால் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு நாள் பொறுமையாகச் சுத்தம் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

எஞ்சின் எண் 'ஜி.பி.டபிள்யூ.' என்று தொடங்குகிறது. தாங்கு போல்டுகளில் இரண்டில் 'எஃப்' தெளிவாக இருக்கிறது, மற்ற இரண்டும் வேறெங்கிருந்தோ வந்தவை. சட்டத்தின் இடப்புறத்தில் பயன்படாத ஏழு துளைகள் இருக்கின்றன. அவற்றுக்கு எதிரே வலப்புறத்தில் ஒன்றுகூட இல்லை. சிவப்புப் பூச்சின் அடியில் பின் அச்சில் மட்டும் ராணுவப் பச்சை தெரிகிறது. அச்சை நீங்கள் சொன்னபடியே மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் ஆறரைச் சுற்றைத் தாண்டிச் சிறிதளவு போய் நிற்கிறது. இரண்டாவது தொட்டி இல்லை; ஆனால் ரேடியேட்டருக்கு முன்னால் நான்கு கொக்கிகள் இருக்கின்றன. எதற்கு என்று புரியாமல் பழைய தட்டுமுட்டுகளோடு நான் ஒதுக்கிவைத்திருந்த கம்பிவலைச் சட்டகம் அந்த நான்கிலும் சரியாகப் போய் உட்கார்ந்தது.

ஆகவே இது எம்பயர் அல்ல. எஞ்சினைக் கழற்றப்போவதும் இல்லை. பின்பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வார்ப்பு எண் பாதி தேய்ந்து தெரிகிறது. கரியைத் தேய்த்துத் தாளில் படியெடுத்து நாளை இங்கே பதிவிடுகிறேன். அது எந்த லாரியின் பெட்டி என்று பார்த்துச் சொல்லுங்கள்.