20% எத்தனால்: எலி ஒரே நாளில் 14.7 கிராம்/கிலோ குடிக்குமா?

மயிலை_மாணவி: விஸ்டார் என்ற ஆய்வக வகை ஆண் எலிகள், கூண்டுக்கு ஒன்று. ஒரு பாட்டிலில் 20% எத்தனால் (ஆல்கஹால், கன அளவுப்படி), இன்னொன்றில் தண்ணீர். திங்கள், புதன், வெள்ளி 24 மணி நேரம் வைக்கிறோம். 300 கிராம் எலி ஒன்றின் எத்தனால் பாட்டில் நேற்று 22 கிராம் குறைந்திருக்கிறது. 22 × 0.2 ÷ 0.3 = 14.7, அதாவது உடல் எடையில் கிலோவுக்கு 14.7 கிராம் எத்தனால். பக்கத்துக் கூண்டில் 4 தான். இந்த எலி அடிமையாகிவிட்டது என்று எழுதலாமா?

கிண்டி_கூண்டு: அவ்வளவும் எலி குடித்ததாக இருக்காது, சொட்டியிருக்கும். ராத்திரி ஏசி நின்றதா பாருங்கள். அறை சூடானால் பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து திரவத்தைக் குழாய் வழியே தள்ளும். பாதி காலியான பாட்டிலில் காற்று அதிகம், சொட்டும் அதிகம். அதனால் ஒவ்வொரு முறையும் நிரப்பியே மாட்டுங்கள். கவிழ்த்துத் தட்டி, சொட்டு நின்ற பிறகு எடை போடுங்கள்.

எலி இல்லாத இரண்டு கூண்டுகளில் இதே மாதிரி பாட்டில்களை மாட்டி, அங்கே குறையும் சராசரியை எல்லாவற்றிலிருந்தும் கழிக்க வேண்டும். ஆனால் ஒழுகும் ஒரு பாட்டிலை அந்தக் கழித்தல் காப்பாற்றாது. அதைத் தனியே வெறுங்கூண்டில் மாட்டிப் பாருங்கள். ஒழுகினால் நேற்றைய எண்ணை விட்டுவிடுங்கள்.

எடைத்தராசு: கணக்கிலும் பிழை. எடையைக் கலவையின் அடர்த்தி 0.97ஆல் வகுத்தால்தான் மில்லி: 22.7. அதை 0.2ஆலும், எத்தனாலின் அடர்த்தி 0.789ஆலும் பெருக்கினால் 3.58 கிராம், 0.3ஆல் வகுத்தால் சுமார் 12. அதுவும் நம்பும்படி இல்லை. பாட்டில் இருக்கும் பக்கத்தை ஒவ்வொரு முறையும் மாற்றுகிறீர்கள்தானே? சில எலிகளுக்கு இடப்பக்கம் என்றாலே போதும், உள்ளே என்ன இருந்தாலும் குடிக்கும். இன்னொன்று, எத்தனாலை ஆர்ஓ தண்ணீரில் கலந்துவிட்டு மறு பாட்டிலில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம்மூர் உப்புத் தண்ணீரைத் தவிர்ப்பதற்கே எலி எத்தனால் பக்கம் போகும்.

கசப்பு: நிறையக் குடிப்பது வேறு, அடிமையாவது வேறு. எத்தனாலில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் குவினைன் என்ற கசப்புப் பொருளைக் கலந்து பாருங்கள். மூன்று, நான்கு மாதம் குடித்த எலிகள் அந்தக் கசப்பையும் மீறிக் குடித்தன. ஒன்றரை மாதம் குடித்தவை குறைத்துக்கொண்டன. 2010இல் வந்த முடிவு இது.

மயிலை_மாணவி: எங்களுடையது ஐந்தாவது வாரம்தான். குவினைனை இந்த வாரமே சேர்க்கலாமா?

கசப்பு: வேண்டாம். முதலில் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் திருத்த அனுமதி வாங்குங்கள். குவினைன் கலந்த வெறும் தண்ணீரையும் ஒப்பீட்டுக்கு அதிலேயே எழுதிக் கேளுங்கள். அது இல்லாவிட்டால் எலிக்குக் கசப்பே உறைக்கவில்லையா, உறைத்தும் குடிக்கிறதா என்று பிரிக்க முடியாது.